ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவர் மறுபடியும் அட்மிட் ஆனால் அது யார் கணக்கு? குமரி மாவட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். பத்தாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ், ராத்திரி முழுக்க காய்ச்சல். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் டிரிப்ஸ், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மறுபடியும் துணைக்கு ஓர் ஆள்.

பலருக்கும் பழக்கமான காட்சிதான். "நம்ம நேரம்" என்று சொல்லி விட்டுவிடுவோம். ஆனால் உலகின் பல நாடுகளில் இதை நேரம், விதி என்று விடுவதில்லை, எண்ணுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற எண்ணை வைத்து ஆஸ்பத்திரியின் தரத்தை மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த எண் அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பணத்தையே குறைக்கிறார்கள்.

அந்த எண்ணை நம்ம ஊரில் அப்படியே பயன்படுத்தலாமா? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகள், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வரிசையாக தனியார் ஆஸ்பத்திரிகள், எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் என்று சுற்றிச் சுற்றி வைத்தியம் பார்க்கும் குமரி மாவட்டத்தை வைத்தே இதைப் பார்ப்போம்.

எப்படி எண்ணுகிறார்கள்?

கணக்கு ரொம்ப எளிது. ஒரு மாதத்தில் 100 பேருக்கு ஆபரேஷன் செய்து டிஸ்சார்ஜ் செய்தார்கள். அதில் 6 பேர் 30 நாளுக்குள் மறுபடி உள்நோயாளியாக சேர்ந்தார்கள். அப்படியென்றால் ரீ-அட்மிஷன் விகிதம் 6 சதவீதம். தமிழில் மறுஅனுமதி விகிதம் என்று எழுதலாம். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

உண்மையில் எவ்வளவு இருக்கும்? அமெரிக்காவில் 346 ஆஸ்பத்திரிகளில் நடந்த கிட்டத்தட்ட 5 லட்சம் ஆபரேஷன்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. திட்டமிடாமல் திரும்பி வந்தவர்கள் 5.7 சதவீதம். திரும்பி வந்ததற்கான முதல் காரணம் ஆபரேஷன் செய்த இடத்தில் தொற்று, 19.5 சதவீதம். இரண்டாவது குடல் வேலை செய்யாமல் நிற்பது அல்லது அடைபடுவது, 10.3 சதவீதம். வயதானவர்களுக்குச் செய்யும் பெரிய ஆபரேஷன்களில் இந்த விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. 3,004 ஆஸ்பத்திரிகளை வைத்து 2013-ல் வந்த இன்னோர் ஆய்வில் அது 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதுல் கவாண்டேவும் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர். அதிக எண்ணிக்கையில் ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகளில் திரும்பி வருபவர்கள் குறைவு என்றும் அந்த ஆய்வு சொன்னது.

எல்லா ரீ-அட்மிஷனும் கெட்டதா?

இல்லை. சிறுநீரகக் கல் எடுத்தபின் உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்புவார்கள். சில வாரம் கழித்து அதை எடுக்க வரச் சொல்வார்கள். குடல் ஆபரேஷனில் தற்காலிகமாக வயிற்றில் வழி வைத்தவருக்கு அதை மூட இன்னொரு ஆபரேஷன் வேண்டும். புற்றுநோய்க் கட்டி அகற்றியவர் கீமோவுக்கு வருவார். இவர்கள் எல்லாம் நாள் குறித்துத் திரும்பி வருபவர்கள். இவர்களைச் சேர்த்து எண்ணினால், ஒழுங்காகத் தொடர் சிகிச்சை கொடுக்கும் ஆஸ்பத்திரி மோசமாகத் தெரியும். அதனால் திட்டமிடாத ரீ-அட்மிஷனை மட்டும்தான் எண்ண வேண்டும்.

எண்ணப்படாமல் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். கட்டு மாற்ற புறநோயாளியாக ஐந்து தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் ரீ-அட்மிஷன் இல்லை. சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நிலைமை மோசமாகி, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆம்புலன்ஸில் ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பப்பட்டவரும் ரீ-அட்மிஷன் இல்லை, அவர் 'ரெஃபரல்'. "எங்களுக்குப் போதும், வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகப்பட்டவர் வேறொரு பட்டியலில் போவார். வீட்டுக்குப் போய் நாலாம் நாள் இறந்துபோனவர்? அவர் திரும்பியே வரமாட்டார். ரீ-அட்மிஷன் விகிதத்தில் அந்த மரணம் ஒரு நல்ல செய்தி மாதிரி பதிவாகும்.

இதனால்தான் இந்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. மரண விகிதம், ரெஃபரல், டாக்டர் பேச்சை மீறி வெளியேறுபவர்கள், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். விளம்பர போர்டில் வெறும் ரீ-அட்மிஷன் விகிதத்தை மட்டும் எழுதி வைத்தால் நம்பாதீர்கள்.

30 நாள் ஏன்?

வானத்திலிருந்து வந்த எண் இல்லை. ஆபரேஷன் காயத்தில் தொற்று வந்தால் பெரும்பாலும் முதல் 30 நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். உலகம் முழுக்க இந்தத் தொற்றை எண்ணும்போதும் பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு 30 நாள்தான் எல்லை. மூட்டு மாற்று மாதிரி உள்ளே ஏதாவது பொருத்தும் சில ஆபரேஷன்களுக்கு ஆழமான தொற்றை 90 நாள் வரை பார்க்கிறார்கள். காலில் ரத்தம் உறைவது, நிமோனியா, சிறுநீர்த் தொற்று எல்லாம் இந்த ஒரு மாதத்துக்குள்தான் அதிகம். அதற்குப் பிறகு வருவதற்கு ஆஸ்பத்திரி எவ்வளவு காரணம், நோயும் வீட்டுச் சூழலும் எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கஷ்டம்.

ஆனால் சில ஆபரேஷன்களுக்கு 30 நாள் போதவே போதாது. இதற்கு வெளியூர் போக வேண்டாம், நெய்யூருக்குப் போனால் போதும்.

நெய்யூரில் நடந்த கணக்கு

நெய்யூரில் மருத்துவப் பணி 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டரோடு தொடங்கியது. லண்டன் மிஷன் சங்கம் நடத்திய அந்த ஆஸ்பத்திரிக்கு 1920-களில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற சர்ஜன் வந்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்தவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தையும் டாக்டர் பற்றாக்குறையையும் பார்த்து இங்கேயே வேலை செய்ய முடிவு பண்ணிவிட்டார்.

அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய குமரி மாவட்டமும் அதைச் சுற்றியும், குடல்புண் மிக அதிகம். மரச்சீனிக் கிழங்கை நம்பிய சாப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. சோமர்வெல்லும் உடன் பணியாற்றிய ஓர் என்பவரும் 1936-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2,500 குடல்புண் நோயாளிகளைப் பற்றியது. நெய்யூர் மாதிரி ஒரு ஊரிலிருந்து, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், 2,500 பேரின் கணக்கு. இன்றைக்கும் அது சாதாரண வேலை இல்லை.

அந்தக் காலத்தில் குடல்புண்ணுக்குப் பரவலாகச் செய்த ஆபரேஷன், இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. வலி உடனே குறையும், நோயாளி சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். ஆனால் இணைத்த இடத்திலேயே சிலருக்குப் புதிதாகப் புண் வரும். அது மாதங்கள், சில நேரம் வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். 30 நாள் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆபரேஷன் பெரிய வெற்றி. சில வருஷம் தொடர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் குறை தெரிந்தது. சர்ஜன்கள் பின்னாளில் வேறு முறைகளுக்கு மாறியதற்கு இப்படித் திரும்பி வந்தவர்களும் ஒரு காரணம். சோமர்வெல் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார்.

அதே காலத்துக்குச் சற்று முன் அமெரிக்காவின் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற சர்ஜன் ஒரு பெரிய சண்டையே போட்டார். ஆபரேஷன் செய்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை, ஒரு வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று அதில் எழுத வேண்டும், அதை வெளியிடவும் வேண்டும் என்பது அவர் வாதம். பெரிய ஆஸ்பத்திரி சம்மதிக்கவில்லை. அவர் தனியாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தி, 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேரில் 123 தவறுகள் நடந்தன என்று தானே அச்சிட்டு வெளியிட்டார். எந்த ஆஸ்பத்திரி இன்றைக்கு அதைச் செய்யும்?

அமெரிக்காவில் அபராதம் போட்டபோது என்ன ஆனது?

2009-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கணக்கு வந்தது. அரசின் முதியோர் காப்பீட்டில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆகிறார் என்று. அதிலேயே இன்னொரு தகவல் இருந்தது, அது நமக்கும் முக்கியம். ஆபரேஷன் முடிந்து போய்த் திரும்பி வந்தவர்களில் 70.5 சதவீதம் பேர் வந்தது ஆபரேஷன் பிரச்சினைக்காக இல்லை. நிமோனியா, இதயக் கோளாறு, தொற்று மாதிரி பொதுமருத்துவப் பிரச்சினைகளுக்காக வந்தார்கள். கத்தி பிடித்த கை சரியாகவே வேலை செய்திருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு உடம்பை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு 2010 சட்டத்தின் கீழ் 2012 அக்டோபரில் அபராதத் திட்டம் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் திரும்பி வந்தால் அரசுக் காப்பீட்டுப் பணத்தில் முதலில் 1 சதவீதம், பிறகு 3 சதவீதம் வரை வெட்டு. தொடக்கத்தில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா மட்டும்தான். பின்னாளில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று, இதய பைபாஸ் ஆபரேஷன்களும் சேர்ந்தன. ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் நிலையையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ரீ-அட்மிஷன் குறைந்தது. கூடவே சந்தேகங்களும் வந்தன. திரும்பி வந்தவரை வார்டில் சேர்க்காமல் 'கண்காணிப்பில் வைத்திருக்கிறோம்' என்று பெயர் மாற்றி வைப்பதும் நடக்கிறதே என்று கேள்வி எழுந்தது. 2018-ல் வந்த ஓர் ஆய்வு, திட்டம் வந்தபின் இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மரணம் கூடியது என்றது. அதற்கு அபராதம்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. ஏழை நோயாளிகளை அதிகம் பார்க்கும் ஆஸ்பத்திரிகளுக்கே அடிக்கடி அபராதம் விழுந்தது. கடைசியில் 2016-ல் சட்டத்தை மாற்றி, ஏழை நோயாளிகளின் பங்கு ஒரே அளவில் இருக்கும் ஆஸ்பத்திரிகளைத் தங்களுக்குள் மட்டும் ஒப்பிடும்படி செய்தார்கள்.

8 சதவீதம் 4 சதவீதத்தைவிட நல்லதாக இருக்க முடியுமா?

முடியும். ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள்.

ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி 200 ஆபரேஷன் செய்கிறது. 190 நாள் குறித்துச் செய்தவை, அதில் 6 பேர் திரும்பி வந்தார்கள். 10 அவசர ஆபரேஷன், அதில் 2 பேர் திரும்பி வந்தார்கள். மொத்தம் 200-க்கு 8. அதாவது 4 சதவீதம்.

ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி 1,000 ஆபரேஷன் செய்கிறது. 400 நாள் குறித்துச் செய்தவை, 8 பேர் திரும்பினார்கள். 600 அவசரம், அதாவது பைக் விபத்து, குடல் ஓட்டை, வெடித்த அப்பெண்டிக்ஸ், சர்க்கரையில் அழுகிய கால். அதில் 72 பேர் திரும்பினார்கள். மொத்தம் 1,000-க்கு 80. அதாவது 8 சதவீதம்.

மேலோட்டமாகப் பார்த்தால் அரசு ஆஸ்பத்திரி இரண்டு மடங்கு மோசம். இப்போது பிரித்துப் பாருங்கள். நாள் குறித்த ஆபரேஷனில் தனியாரில் 3.2 சதவீதம், அரசில் 2 சதவீதம். அவசர ஆபரேஷனில் தனியாரில் 20 சதவீதம், அரசில் 12 சதவீதம். இரண்டிலும் அரசு ஆஸ்பத்திரிதான் மேல். கடினமான நோயாளிகள் அங்கே குவிவதால் மொத்த எண் மட்டும் ஏறிவிடுகிறது.

ஆசாரிப்பள்ளம் மாதிரி ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வரும் நோயாளிகளை நினைத்துப் பார்த்தால் இது புரியும். 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கும் மாவட்டம் இது. மற்ற இடங்களில் 'எங்களால முடியாது, கொண்டு போங்க' என்று சொல்லப்பட்டவர்களும் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். அதனால் ஒப்பிடும் முன் வயது, சர்க்கரை, அவசரமா இல்லையா, என்ன ஆபரேஷன் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து, "இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம்" என்று முதலில் போடுகிறார்கள். உண்மையில் வந்தவர்களை அதோடு ஒப்பிடுகிறார்கள். அப்படிச் செய்யாத எந்தத் தரவரிசைப் பட்டியலும், சிக்கலான நோயாளியைத் தொடாமல் அனுப்பிவிடும் ஆஸ்பத்திரிக்குத்தான் பரிசு கொடுக்கும்.

சின்ன எண்களிலும் ஏமாறக் கூடாது. மாதம் 20 ஆபரேஷன் செய்யும் இடத்தில் ஒருவர் திரும்பினால் 5 சதவீதம், இரண்டு பேர் என்றால் 10 சதவீதம். அடுத்த மாதம் யாரும் வராவிட்டால் பூஜ்யம். ஒரு வருஷமாவது சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

குமரியின் தனிச் சிக்கல்: ஆபரேஷன் அங்கே, ரீ-அட்மிஷன் இங்கே

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். குமரிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது.

1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வைத்தியத்துக்குப் போகும் பாதை மட்டும் சேரவில்லை. இதயம், மூளை என்றால் ஸ்ரீ சித்திரா, புற்றுநோய் என்றால் ஆர்.சி.சி., மற்றதற்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் என்று களியக்காவிளை தாண்டிப் போவது இன்றும் வழக்கம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள். திருநெல்வேலி ஏறக்குறைய 80.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவருக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் நாள் ராத்திரி வயிறு உப்பி, வாந்தி நிற்கவில்லை. வண்டி பிடித்து அவ்வளவு தூரம் போவாரா? போகமாட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கே காசு கட்ட முடியாவிட்டால் ஆசாரிப்பள்ளம். இப்போது ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் கணக்கில் இவர் நல்லபடியாக குணமாகிப் போனவர். மார்த்தாண்டத்தில் இவர் ஒரு புது நோயாளி. ஆசாரிப்பள்ளத்திலும் புது நோயாளி. மூன்று ஆஸ்பத்திரியின் கணக்கிலும் ரீ-அட்மிஷன் பூஜ்யம். குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும் அது ரீ-அட்மிஷன் என்று.

இது எவ்வளவு பெரிய ஓட்டை? அமெரிக்காவில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் ஆபரேஷன்களை வைத்து 2015-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 12 வகைப் பெரிய ஆபரேஷன்களைப் பார்த்தார்கள். பெருங்குடல் ஆபரேஷன் செய்தவர்களில், மறுபடி அட்மிட் ஆனவர்களில் 83 சதவீதம் பேர் முதல் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். இதய பைபாஸில் அது 66 சதவீதம்தான். அதாவது மூன்றில் ஒருவர் வேறெங்கோ சேர்ந்தார். ஆபரேஷன் செய்த அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவர்கள் 90 நாளுக்குள் இறக்கும் ஆபத்து 26 சதவீதம் குறைவாக இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் பெரிய செய்தி. உள்ளே என்ன செய்யப்பட்டது, எங்கே இணைப்பு, எங்கே கஷ்டப்பட்டது என்று தெரிந்த கை திரும்பவும் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கத்தானே செய்யும்.

அதற்காக மூச்சு வாங்கும் ஆளைக் களியக்காவிளை டிராஃபிக்கில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. அவசரம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிதான், 108-தான். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு ஒரு போன் போக வேண்டும். இப்போது அந்த வேலையை நோயாளியின் மகனோ மருமகளோ செய்கிறார்கள். ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டிய வேலை அது.

அப்படியென்றால் யாரால்தான் எண்ண முடியும்?

பணம் கட்டுபவரால் முடியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும், பிறகு பில் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் குடும்ப அட்டை ஒன்றுதான். ஆகவே ஜனவரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தவர் பிப்ரவரியில் இன்னோர் ஆஸ்பத்திரியில் அதே வயிற்றுக்காகச் சேர்ந்தால், இரண்டு பதிவையும் இணைத்துப் பார்க்க வழி இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் புதுப் பெயரில் வந்து, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்த இந்தத் திட்டத்தில் அவ்வளவு வருஷப் பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. கையிலிருந்து காசு கட்டியவர்களும் கேரளத்தில் ஆபரேஷன் செய்தவர்களும் இதில் வரமாட்டார்கள். அந்த ஓட்டை இருக்கும். இருந்தாலும் தனித்தனி ஆஸ்பத்திரி வைத்திருக்கும் கணக்கைவிட இது பல மடங்கு மேல்.

ஆயுஷ்மான் பாரத் விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையிலான மருந்து, தொடர் பரிசோதனைச் செலவும் பேக்கேஜுக்குள்ளேயே வருகிறது. அதாவது முதல் 15 நாள் நோயாளியைக் கவனிப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு இதற்குப் பக்கத்தில் வரும் சில எண்களைக் கேட்கிறது. 72 மணி நேரத்துக்குள் அதே தொந்தரவோடு அவசரப் பிரிவுக்குத் திரும்புவது, 48 மணி நேரத்துக்குள் ஐ.சி.யூ.வுக்குத் திரும்புவது, திட்டமிடாமல் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசியத் தரச் சான்றில் காயத் தொற்று விகிதம், டாக்டர் பேச்சை மீறி வெளியேறுபவர்கள் விகிதம் எல்லாம் வருகின்றன. நல்ல எண்கள்தான். ஆனால் எல்லாமே ஆஸ்பத்திரி மதில் சுவருக்குள் நடப்பதை எண்ணுபவை. நோயாளி கேட்டைத் தாண்டி பஸ் ஏறியபின் நடப்பது இதில் இல்லை. அமெரிக்காவில் இருப்பது மாதிரி, ஆஸ்பத்திரி வாரியாக மக்கள் பார்க்கும் ரீ-அட்மிஷன் பட்டியலும் நம்மிடம் இல்லை.

சிசேரியன் தாய்க்கு இருக்கும் கவனிப்பு மற்றவர்களுக்கு?

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். இவ்வளவு அதிகமாக நடக்கும் ஆபரேஷன் என்பதால் தொற்று வந்து திரும்புபவர்களில் இவர்களும் கணிசமாக இருப்பார்கள். ஆனால் இவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கர்ப்பம் பதிவான நாளிலிருந்து பிக்மி எண் கூடவே வருகிறது. அந்தப் பதிவு எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம். ஆஸ்பத்திரி மாறினாலும் எண் மாறாது. பிரசவத்துக்குப் பிறகு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டம். வரும்போது தாயின் காயத்தையும் விசாரிப்பார்.

அதே தெருவில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் 60 வயதுக்காரரை யார் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் வளைகுடாவில், வீட்டில் மனைவி மட்டும். மாத்திரை எது காலை, எது ராத்திரி என்பதிலேயே குழப்பம். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். வருமானம் போகிறதே என்று இரண்டாம் வாரமே பால் வெட்டப் போய்விடுபவரும், குளச்சலில் வலை இழுக்கப் போய்விடுபவரும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீடு தேடிப் போகின்றன. டிஸ்சார்ஜ் ஆனவரின் பெயர் மூன்றாம் நாளுக்குள் அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அதே பணியாளர் காயத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட முடியும். புதுக் கட்டிடமோ புது மெஷினோ வேண்டாத வேலை இது.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டு நகராதீர்கள். அதில் என்ன ஆபரேஷன், என்ன தேதி, உள்ளே ஏதாவது பொருத்தியிருக்கிறார்களா, என்ன மருந்து என்பது இருக்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நிற்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும். செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

"ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?" என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு, சொல்லும் நம்பரை எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். அரசின் 104 உதவி எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால், அதில் எது தொடரணும், எது நிறுத்தணும், எப்போது மறுபடி ஆரம்பிக்கணும் என்பதைத் தனியாகக் கேளுங்கள். திரும்பி வருபவர்களில் பெரும்பகுதி ஆபரேஷன் காயத்தால் வருவதில்லை என்பதை மேலே பார்த்தோம்.

காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குவது, சீழ், நாற்றம், நிற்காத வாந்தி, வயிறு உப்பிக் காற்றே போகாமல் இருப்பது, சிறுநீர் வராமல் அடைபடுவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ நேராக 108.

வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால், அட்மிஷன் போடும்போதே "இன்ன தேதியில் இன்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆச்சு" என்று சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நிலைமை கொஞ்சம் சீரானதும் முதலில் ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் தகவல் சொல்லுங்கள்.